பக்கவாதத்தை விரட்டிய கிராமம்!

ஜப்பானில், சமையல் அறையில் நடந்த ஒரு புரட்சி

வடக்கு ஜப்பானில் அகிதா என்று ஒரு மாகாணம் இருக்கிறது. நல்ல நெல் விளையும் பூமி. ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் வானத்திலிருந்து பனி கொட்டத் தொடங்கும். மூன்று, நான்கு மாதங்களுக்கு வயலும் தெரியாது, வரப்பும் தெரியாது. எங்கு பார்த்தாலும் வெள்ளை வெளேர் என்று பனிதான்.

அந்தக் காலத்தில், பனி நாட்களில் காய்கறி ஏது? கீரை ஏது? அதனால் அகிதாப் பெண்கள் முன்கூட்டியே தயாராகிவிடுவார்கள். குளிர் தொடங்கும் முன்பே முள்ளங்கியையும் மற்றக் காய்களையும் பெரிய பெரிய மரத் தொட்டிகளில் அடுக்குவார்கள். உப்பை அள்ளி அள்ளிப் போடுவார்கள். மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்து ஊற விடுவார்கள். மீனையும் உப்பில் போட்டு வைப்பார்கள். சோயா மொச்சையை வேக வைத்து, உப்புச் சேர்த்துப் புளிக்க விட்டு, ‘மிசோ’ என்ற விழுது தயாரிப்பார்கள். நம் வீட்டில் ரசம் எப்படியோ, அப்படி அந்த வீடுகளில் மிசோ சூப்!

சோறு நிறைய. தொட்டுக்கொள்ள உப்பு ஊறுகாய். குடிக்க உப்புச் சூப். ஆண்களுக்கு அரிசியில் தயாரிக்கும் ‘சாக்கே’ என்ற மது. 1950-களில் அகிதாவின் குடியானவர்கள் சாப்பிட்ட சாப்பாடு இதுதான்.

இப்படிச் சாப்பிட்டு வந்தவர்களில் பலர், தலை நரைக்கும் முன்பே திடீர் திடீர் என்று விழுந்தார்கள். காலையில் வயலுக்குப் போனவரை மாலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிலருக்கு அன்றே உயிர் போயிற்று. பிழைத்தவர்களுக்குக் கை விழுந்தது, கால் விழுந்தது, வாய் கோணியது. உழைத்துப் போட்டவர் பாயில் படுத்தார். குடும்பம் தெருவில் நின்றது.

அதுதான் பக்கவாதம்!

அகிதாவில் மட்டும் அல்ல. 1951 முதல் 1980 வரை, ஜப்பான் தேசம் முழுவதிலும் மக்களைக் கொன்ற வியாதிகளில் முதல் இடம் பக்கவாதத்துக்குத்தான். அதிலும் அகிதாவைப் போன்ற வடக்கு மாகாணங்களில் அதன் கொடுமை மிக அதிகம்.

“எங்கள் குளிர் அப்படி. எங்கள் ரத்தம் அப்படி. எல்லாம் தலைவிதி” என்று எண்ணி மக்கள் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள்.

தலைவிதி அல்ல என்று ஒரு சிறிய கிராமம் காட்டியது. அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

மூளையில் என்ன நடக்கிறது?

முதலில், பக்கவாதம் என்றால் என்ன?

நம் உடலின் எடையில் மூளையின் பங்கு மிகச் சிறியது. நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால் நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் சுமார் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. அந்தப் பிராணவாயுவை ரத்தம்தான் கொண்டு போகிறது. ரத்தம் நின்றால் மூளை பட்டினி!

ரத்தம் இரண்டு விதமாக நின்று போகலாம். மூளைக்குப் போகும் குழாயில் கொழுப்புப் படிந்தோ, ரத்தம் கட்டியாக உறைந்தோ அடைத்துக்கொள்ளலாம். இது அடைப்பு. அல்லது குழாய் வெடித்து, ரத்தம் மூளைக்குள் கசியலாம். இது கசிவு. நம் நாட்டில் அதிகம் வருவது அடைப்புதான்.

எதுவானாலும் பலன் ஒன்றே. பெரிய குழாய் ஒன்று அடைபட்டால், ஒவ்வொரு நிமிஷத்துக்கும் சுமார் 19 லட்சம் மூளை அணுக்கள் மடிகின்றன என்று டாக்டர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். கையை ஆட்டும் பகுதி மடிந்தால் கை போகும். பேச்சுக்கு உரிய பகுதி மடிந்தால் பேச்சுப் போகும்.

குழாய் ஏன் அடைபடுகிறது? ஏன் வெடிக்கிறது? முதல் காரணம் ரத்தக் கொதிப்பு.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயைப் பாருங்கள். மெதுவாகத் தண்ணீர் போனால் குழாய் பல வருஷம் உழைக்கும். மோட்டாரை வேகமாக ஓட விட்டு, ராத்திரி பகலாகக் குழாயைப் புடைக்க வைத்தால் என்ன ஆகும்? உள்ளே தேயும், ஓரிடத்தில் பிய்யும். ரத்தக் குழாயும் அப்படித்தான்.

அதற்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சி உப்புத் தின்றால், அதை வெளியேற்ற மூத்திரப் பைக்கு மேலே உள்ள சிறுநீரகங்கள் பாடுபடும். முடியாதபோது உப்பு உடலில் தங்கும். கூடவே தண்ணீரும் தங்கும். குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் அளவு கூடும். அழுத்தம் ஏறும். நாளடைவில் குழாயின் சுவரே தடித்து, விறைத்துப் போகும்.

இதில் பெரிய ஆபத்து, ரத்தக் கொதிப்பு பெரும்பாலும் வலிக்காது என்பதுதான். அது ஓசையில்லாமல் வேலை செய்யும் எதிரி.

ஒரு ஜனாதிபதியின் மரணம்

இந்த எதிரியின் பலத்தை அந்தக் காலத்துப் பெரிய டாக்டர்களே அறியவில்லை. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் முடிவே அதற்குச் சாட்சி.

1935-ல் அவருடைய ரத்த அழுத்தம் 136-க்கு 78. 1937-ல் 162-க்கு 98. 1941-ல் 188-க்கு 105. படிப்படியாக ஏறிக்கொண்டே போயிற்று. வயது ஆனால் அழுத்தம் ஏறுவது இயற்கை என்று அந்த நாளில் பல டாக்டர்கள் நம்பினார்கள். 1944 மார்ச்சில் இருதய டாக்டர் ஒருவர் அவரைச் சோதித்தார். நிலைமை மோசம் என்று கண்டு, உப்பைக் குறைக்கவும் எடையைக் குறைக்கவும் சொன்னார். ஆனால் காலம் கடந்துவிட்டது. கொதிப்பை இறக்க இன்று இருப்பது போன்ற நல்ல மருந்துகளும் அன்று இல்லை.

1945 ஏப்ரல் 12. ஜார்ஜியா மாகாணத்தில் உள்ள வார்ம் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர். ஓவியர் ஒருவர் ரூஸ்வெல்ட்டைப் படம் வரைந்துகொண்டிருந்தார். பிற்பகல் ஒரு மணிக்கு மேல், பின்தலையில் கடுமையான வலி என்று சொன்ன ரூஸ்வெல்ட் அப்படியே சாய்ந்தார். டாக்டர் ஓடி வந்து பார்த்தபோது ரத்த அழுத்தம் 300-க்கு 190! மூளையில் ரத்தக் கசிவு. 3-35 மணிக்கு உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 63. படம் பாதியில் நின்றது.

உலக யுத்தத்தையே நடத்திய மனிதரை, வலி இல்லாமல் வளர்ந்த ஒரு வியாதி வீழ்த்திவிட்டது.

மூன்று வருஷம் கழித்து, 1948-ல், அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே உள்ள பிரேமிங்ஹாம் என்ற ஊரில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கியது. 5,209 ஆண்களையும் பெண்களையும் வருஷக் கணக்கில் டாக்டர்கள் கவனித்து வந்தார்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களையே பக்கவாதம் அதிகம் தாக்குகிறது என்பது அங்கே ஐயம் திரிபு இல்லாமல் தெரிந்தது.

ஐந்து ஜனங்கள், ஐந்து உப்பு

சரி, உப்பு அதிகம் தின்றால் கொதிப்பு அதிகமா? 1960-ல் லூயிஸ் டால் என்ற அமெரிக்க டாக்டர் ஒரு கணக்கை வெளியிட்டார். ஐந்து இடத்து ஜனங்களை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார்.

அலாஸ்காவின் எஸ்கிமோக்கள் நாளைக்கு 4 கிராம் உப்புத் தின்றார்கள். அவர்களிடையே ரத்தக் கொதிப்பு அபூர்வம். பசிபிக் கடலில் உள்ள மார்ஷல் தீவு மக்கள் 7 கிராம். அமெரிக்கர்கள் 10 கிராம். தெற்கு ஜப்பானியர் 14 கிராம். உப்பு ஏற ஏற, கொதிப்பு உள்ளவர்களின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது.

பட்டியலின் உச்சியில் யார்? வடக்கு ஜப்பான்! நாளைக்குச் சுமார் 27 கிராம். அதாவது, ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஐந்து டீஸ்பூன் உப்பு!

அகிதாவின் தலைவிதி மரத் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது என்பது இப்போது புரிகிறது அல்லவா?

இக்காவா காட்டிய வழி

அகிதா மாகாணத்தில், ஹச்சிரோகதா ஏரியின் ஓரத்தில் இக்காவா என்ற சிற்றூர் இருக்கிறது. 1963-ல், ஒசாகா நகரத்து டாக்டர்கள் அங்கே வந்தார்கள். ஊர் நிர்வாகமும் நர்சுகளும் அவர்களோடு சேர்ந்தார்கள்.

அவர்கள் புது ஆஸ்பத்திரி ஒன்றும் கட்டவில்லை. அதிசய மருந்து எதுவும் கொண்டு வரவில்லை. மூன்று காரியங்களைத்தான் செய்தார்கள்.

ஒன்று: ஊரில் வயது வந்தவர்களைக் கூப்பிட்டு ரத்த அழுத்தத்தை அளந்தார்கள். ஒரு தடவையோடு விடாமல் திரும்பத் திரும்ப அளந்தார்கள்.

இரண்டு: கொதிப்பு உள்ளவர்களை டாக்டரிடம் அனுப்பி, மருந்து சாப்பிடச் செய்தார்கள். நிறுத்திவிடாமல் தொடர்கிறார்களா என்றும் பார்த்தார்கள்.

மூன்று: உப்பைக் குறைக்கும்படி ஊர் முழுவதற்கும் சொன்னார்கள். கூட்டம் போட்டுச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். ஊர்க்காரர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களைக் கொண்டும் சொல்ல வைத்தார்கள். வெளியூர் டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவோம். பக்கத்து வீட்டு அக்கா சொன்னால்?

இந்த முயற்சியால் உண்மையிலேயே பலன் உண்டா என்று தெரிய வேண்டுமே! அதற்காக இன்னொரு ஊரையும் கவனித்து வந்தார்கள். அந்த ஊரில் அழுத்தத்தை அளந்து, டாக்டரிடம் அனுப்புவதோடு சரி. வீடு தேடிப் போய்ச் சொல்லும் தீவிர முயற்சி அங்கே இல்லை.

20 வருஷம் சென்றது. 1960-களோடு 1980-களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முழு முயற்சி நடந்த ஊரில், ஆண்களிடையே புதிதாகப் பக்கவாதம் வருவது முக்கால் பங்கு குறைந்திருந்தது! மற்ற ஊரிலும் குறைந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

முன்பு நான்கு வீடுகளில் எழுந்த அழுகுரல், இப்போது ஒரு வீட்டில். அதுதான் இந்தக் கணக்கின் அர்த்தம்.

சூப்பை அளந்த பெண்கள்

இக்காவாவில் நடந்தது போலவே ஜப்பானின் மற்ற இடங்களிலும் வேலை நடந்தது. மலைகள் சூழ்ந்த நகானோ மாகாணமும் பக்கவாதத்துக்குப் பேர் போனதுதான். அங்கும் கீரை ஊறுகாய். அங்கும் மிசோ சூப்.

நகானோவில் குடும்பப் பெண்களே சுகாதாரத் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். இந்த வழக்கம் 1940-களிலேயே அங்கு ஒரு கிராமத்தில் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் மாகாணம் முழுவதும் ‘உப்பைக் குறை’ என்ற இயக்கம் நடந்தது. தொண்டர்கள் வீடுகளுக்குப் போனார்கள். சூப்பில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று ஒரு சிறு கருவியால் அளந்து காட்டினார்கள். மிசோவைக் குறைத்து, சூப்பில் காய்கறியை அதிகமாகப் போடுங்கள் என்றார்கள். ஊறுகாயின் மேல் மறுபடியும் சோயா சாஸ் ஊற்றாதீர்கள் என்றார்கள்.

காலமும் கை கொடுத்தது. 1960-களில் ஜப்பானிய வீடுகளுக்குக் குளிர்சாதனப் பெட்டி வந்தது. மீன் கெடாமல் இருக்க உப்பு தேவையில்லை என்று ஆயிற்று. பனிக் காலத்திலும் பச்சைக் காய்கறி கிடைத்தது. பாலும் பழமும் முட்டையும் சாப்பாட்டில் சேர்ந்தன. 1961-ல் தேச மக்கள் அனைவருக்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் வந்தது. கொதிப்புக்கு மருந்து வாங்க ஏழைக்கும் வழி பிறந்தது.

1965-லிருந்து 1990-க்குள், ஜப்பானில் பக்கவாதத்தால் சாகிறவர்களின் விகிதம் சுமார் 80 சதவீதம் குறைந்தது. 1990-ல் ஜப்பானிலேயே ஆண்கள் அதிக நாள் வாழும் மாகாணம் எது தெரியுமா? நகானோ!

உப்பு மட்டுமே காரணம் என்று சொல்லக் கூடாது. மருந்தும், அளந்து பார்த்ததும், நல்ல சாப்பாடும் சேர்ந்து செய்த வேலை இது. ஆனால் அதில் பாதி வேலை ஆஸ்பத்திரியில் நடக்கவில்லை, அடுப்பங்கரையில் நடந்தது.

600 கிராமங்களில் ஒரு சோதனை

“உப்பைக் குறைத்தால் கொதிப்பு குறையும், சரி. பக்கவாதமே குறையுமா?” என்று கேட்கிறவர்களுக்குச் சமீபத்தில் சீனாவிலிருந்து பதில் வந்திருக்கிறது.

அங்கே 600 கிராமங்களில் 20,995 பேரைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லோரும் முன்பே பக்கவாதம் கண்டவர்கள், அல்லது 60 வயதைத் தாண்டிய ரத்தக் கொதிப்புக்காரர்கள். பாதிக் கிராமங்கள் வழக்கமான உப்பையே பயன்படுத்தின. மீதிக் கிராமங்களுக்கு வேறு உப்புத் தரப்பட்டது. அதில் முக்கால் பங்கு சாதாரண உப்பு. கால் பங்கு பொட்டாசியம் உப்பு.

சுமார் ஐந்து வருஷம் கழித்து, 2021-ல் முடிவு வெளியாயிற்று. வழக்கமான உப்பைத் தின்ற கிராமங்களில் 100 பேருக்குப் பக்கவாதம் என்றால், புது உப்பைத் தின்ற கிராமங்களில் 86 பேருக்குத்தான் வந்தது. சாவும் குறைந்தது. சமையலில் வேறு எதையும் மாற்றாமல், உப்பை மட்டும் மாற்றியதற்கே இந்தப் பலன்!

ஒரு எச்சரிக்கை. சிறுநீரக வியாதி உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் உப்பு ஆபத்தாக முடியலாம். சில கொதிப்பு மருந்துகளோடும் அது ஒத்துக்கொள்ளாது. ஆகவே டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். ஆனால் இருக்கிற உப்பைக் குறைப்பதற்குப் பணமும் வேண்டாம், சீட்டும் வேண்டாம்.

நமக்கு இரண்டு எதிரிகள்

அகிதாக்காரர்களுக்குப் பெரிய எதிரி உப்பு. நமக்கோ எதிரிகள் இரண்டு. உப்போடு சர்க்கரை வியாதியும் கைகோத்து நிற்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் தேசம் முழுவதும் எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் வயது வந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. மொத்தம் 10 கோடிப் பேர்! தமிழ்நாட்டில் இன்னும் அதிகம், 100-க்கு 14 பேர். ரத்தக் கொதிப்போ, இந்தியாவில் 100-க்கு 35 பேருக்கு.

ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால், குழாயின் உட்புறச் சுவர் கெடும். வழவழப்பாக இருந்த இடம் சொரசொரப்பாகும். அங்கே கொழுப்பு ஒட்டும், ரத்தம் உறையும். சர்க்கரை வியாதி உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் அபாயம், மற்றவர்களைப் போலச் சுமார் இரண்டு மடங்கு.

இந்த இரண்டு எதிரிகளும் தனியாக வருவதில்லை. தொந்தியும் கெட்ட கொழுப்பும் உடன் வரும். நாலு திருடர்கள் சேர்ந்து வீட்டுக்குள் புகுவது போல! தொந்தியை அளக்க ஒரு தையல்காரர் டேப் போதும். தொப்புளுக்கு நேராக வைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் தாண்டினால் உஷாராக வேண்டும்.

தட்டு நிறைய வெள்ளைச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி காய். இதுதான் பல வீடுகளில் சாப்பாடு. இதைத் திருப்பிப் போட வேண்டும். சோறு குறையட்டும். காய், கீரை, பருப்பு, சுண்டல் கூடட்டும். காபி, டீயில் சர்க்கரை குறையட்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டம் நாக்குக்கு ருசி. ரத்தக் குழாய்க்கு நஞ்சு. புகையிலையும் மதுவும் இந்தத் திருடர்களுக்குக் கதவைத் திறந்து விடுபவை. தினம் அரை மணி நேரம் கை வீசி நடப்பது, கதவுக்குப் போடும் தாழ்ப்பாள்.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

உலகச் சுகாதார ஸ்தாபனம் சொல்லும் அளவு: ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்கு உள்ளே. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் கூட இல்லை. குழம்பு, பொரியல், இட்லி, மோர், ஊறுகாய் எல்லாம் சேர்ந்துதான் இந்த அளவு!

“நாங்கள் அப்படி ஒன்றும் உப்புத் தின்பதில்லையே” என்று சொல்லத் தோன்றும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய், மாவடு, கருவாடு, இவற்றைக் கணக்கில் சேர்த்தோமா? கடையில் வாங்கும் மிக்ஸர், சிப்ஸ், பிஸ்கட், ரொட்டி, பாக்கெட் நூடுல்ஸ் எல்லாவற்றிலும் உப்பு இருக்கிறது. கல் உப்பு, இந்துப்பு என்று மாற்றினால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். அவையும் உப்புதான்.

உங்கள் வீட்டுக் கணக்கைத் தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. அடுத்த முறை ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும்போது, அதன் மேல் தேதியை எழுதி வையுங்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்தில், ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 20 கிராம். ஆக, அந்தப் பாக்கெட் 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்துவிட்டதா? அப்படியானால் இரண்டு மடங்கு தின்கிறீர்கள். கடைப் பண்டத்தில் உள்ள உப்பு இதில் சேராது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

அந்த நாளைய அகிதாக்காரர்கள் நான்கு பேர் இருந்தால், அதே பாக்கெட் 9 நாளில் காலி!

ஒரே நாளில் குறைத்தால் வீட்டில் சண்டை வரும். “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று பழமொழி பேசுவார்கள். அதனால் யாருக்கும் சொல்லாமல், வாரத்துக்கு ஒரு சிட்டிகையாகக் குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். எலுமிச்சம்பழம், புளி, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, கொத்துமல்லி இவையெல்லாம் உப்பின் குறையை மறைக்கும் தோழர்கள். இலையின் ஓரத்தில் உப்பு வைக்கும் வழக்கத்தை விடலாம். மோருக்கும் வடித்த சோற்றுக்கும் உப்பு வேண்டாம். ஊறுகாயைத் தினப் படியாக வைக்காமல், நல்ல நாள் பெரிய நாளுக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உப்பைக் குறைத்துவிட்டோம் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. இக்காவாவில் இரண்டும் சேர்ந்துதான் ஜெயித்தன.

வந்துவிட்டால் என்ன செய்வது?

முகம் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒரு கை கீழே விழுகிறதா? பேச்சுக் குழறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடைப்பாக இருந்தால், அதைக் கரைக்கும் ஊசி உண்டு. தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், புரை ஏறிவிடும். புறா ரத்தம் பூசுவது, எண்ணெய் தேய்ப்பது என்று அலைந்தால், திரும்பி வராத நேரம் போய்விடும். விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்க வைப்பதும் கூடாது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் டாக்டரிடம் போயே தீர வேண்டும். அது பின்னால் வரும் பெரிய இடிக்கு முன்னால் அடிக்கும் மின்னல்.

பாக்கெட்டில் ஒரு தேதி

2021 ஆகஸ்ட் 5-ந் தேதி, கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் தொடங்கியது. பெண் தொண்டர்கள் வீட்டு வாசலுக்கே வந்து ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து, மாத்திரையும் கொடுத்தார்கள். இக்காவாவிலும் நகானோவிலும் ஊர்ப் பெண்கள் செய்ததை நினைவூட்டும் திட்டம் அது. வாசலுக்கு வரும் தொண்டரிடம் கையை நீட்டுவதற்குச் சங்கடப்பட வேண்டாம். வராவிட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நாமே போகலாம். 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறையாவது அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து பார்த்துவிட வேண்டும். 140-க்கு 90 என்ற அளவை எட்டினால் டாக்டரின் யோசனை அவசியம்.

மற்றதை டாக்டரால் செய்ய முடியாது. நம் வீட்டு உப்பு ஜாடிக்குள் கை விடுகிறவர் டாக்டர் அல்ல, நாம்தான்.

அகிதாவின் குளிர் இன்னும் மாறவில்லை. பனி இன்றும் கொட்டுகிறது. அந்த மக்களின் ரத்தமும் அதே ரத்தம்தான். மாறியது, தட்டில் இருந்ததுதான். ஜப்பானியர் இன்னும் நம்மைப் போலவே உப்பை விரும்புகிறவர்கள். என்றாலும் 2019-ல் அவர்கள் தின்ற உப்பு நாளைக்குச் சுமார் 10 கிராம். ‘இது போதாது, இன்னும் குறைக்க வேண்டும்’ என்று அங்கே பாடுபட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்பது நம் முன்னோர் வாக்கு. வீட்டில் உள்ளவர்கள் நெடுநாள் இருந்து நினைக்க வேண்டுமானால், இடுகிற உப்பு கொஞ்சம் குறைவாக இருக்கட்டும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தில் எல்லோரும் வீட்டில் இருப்பீர்கள். சமையல் அறைக்குப் போய், உப்புப் பாக்கெட்டின் மேல் இன்றைய தேதியை எழுதுங்கள். எத்தனை நாள் வருகிறது என்று பார்ப்போமே!